ஒரே புகை, இரண்டு குடல் நோய்கள், எதிரெதிர் விளைவுகள்

மாணவர்களே, புகைபிடித்தல் நுரையீரலைக் கெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த செய்தி. இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் அது பாதிக்கும் என்பதையும் படித்திருப்பீர்கள். ஆனால் புகை நம் குடலுக்குள் என்ன செய்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

மருத்துவர்களை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழப்பி வந்த ஒரு புதிர் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. குடலைத் தாக்கும் இரண்டு நோய்கள் உள்ளன. இரண்டும் அண்ணன் தம்பி போல் ஒத்தவை. புகைபிடித்தால் ஒன்று மோசமாகிறது. மற்றொன்றோ சற்றுத் தணிவதுபோல் தெரிகிறது! ஒரே புகை எப்படி இரண்டு விதமாக வேலை செய்ய முடியும்?

விடையின் முக்கியமான பகுதி 2025-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து வந்தது. அந்த விடையில் முதன்மைப் பாத்திரம் ஏற்பவை நம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். வாருங்கள், புதிரைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

குடலைத் தாக்கும் இரண்டு நோய்கள்

குடலில் நீண்ட காலம் நீடிக்கும் அழற்சியைக் 'குடல் அழற்சி நோய்' என்கிறார்கள். அழற்சி என்றால் என்ன? கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, வலிக்கிறதல்லவா? உள்ளே நுழைந்த கிருமிகளை எதிர்க்க நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்வதால் அப்படி ஆகிறது. முள்ளை எடுத்ததும் சில நாளில் வீக்கம் வடிந்துவிடும். குடல் அழற்சி நோயில் இந்தப் போர் நிற்பதே இல்லை. வெளியிலிருந்து எதிரி எவரும் வராதபோதும் எதிர்ப்பு அணுக்கள் குடல் சுவரைத் தாக்கிக்கொண்டே இருக்கும்.

இந்த நோயில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன.

முதலாவது, குரோன் நோய். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன் என்ற மருத்துவரும் அவருடைய இரு சக மருத்துவர்களும் 1932-இல் இதை விரிவாக விளக்கி எழுதினார்கள். இந்நோய் வாய் முதல் ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் காணப்படும். நோயுற்ற பகுதிகளுக்கு இடையே நல்ல பகுதிகளும் இருக்கும். புண் குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவிச் செல்லக்கூடும்.

இரண்டாவது, பெருங்குடல் புண் அழற்சி. இது பெருங்குடலை மட்டுமே தாக்கும். மலக்குடலில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் மேல்நோக்கிப் பரவும். குடல் சுவரின் உட்புறப் படலத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

வயிற்று வலி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், உடல் எடை குறைதல், ஓயாத களைப்பு ஆகியவை இவற்றின் பொதுவான அறிகுறிகள். பலருக்கு இந்நோய்கள் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகின்றன. இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருந்துகளால் கட்டுக்குள் வைத்துக்கொண்டு படிக்கவும் வேலை செய்யவும் விளையாடவும் முடியும்.

கார்டிஃப் நகரில் கிடைத்த வியப்பு

1982-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள கார்டிஃப் நகர மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள்: 'நீங்கள் புகைபிடிப்பீர்களா?' ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற வந்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

அக்காலத்தில் பிரிட்டனில் புகைபிடிப்பவர்கள் மிக அதிகம். எலும்பு முறிவுக்காரர்களில் 100-க்கு 44 பேர் புகைபிடித்தார்கள். குரோன் நோயாளிகளில் 100-க்கு 42 பேர். ஆனால் பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களில் 100-க்கு வெறும் 8 பேர்தான்!

இந்த எண்ணைப் பார்த்ததும் உங்கள் மனத்தில் ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஒருவேளை நோய் வந்ததால் அவர்கள் புகைப்பதை நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நல்ல கேள்வி. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்பட்டால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. எது முன்னால் நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பின்னர் வந்த ஆய்வுகள் அதைத்தான் செய்தன. முன்பு புகைபிடித்து, பிறகு நிறுத்தியவர்களுக்குத்தான் பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதாவது, புகையை நிறுத்தியது முதலில். நோய் வந்தது பிறகு. இதற்கிடையே குரோன் நோயைப் பற்றிய ஆய்வுகள் நேர்மாறாகப் பேசின. புகைபிடிப்பவர்களுக்கே அந்நோய் அதிகம் வந்தது.

2006-இல் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஒருபோதும் புகைக்காதவருடன் ஒப்பிட்டால், புகைபிடிப்பவருக்குக் குரோன் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்போ ஏறத்தாழ 0.6 மடங்கு. புகையை விட்டவர்களுக்குப் பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆக, கார்டிஃப் எண்கள் தற்செயலானவை அல்ல என்பது உறுதியானது.

நிக்கோட்டின்தான் காரணமா?

அடுத்த கேள்வி: புகையில் உள்ள எது இந்த வேலையைச் செய்கிறது? சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் எல்லாரும் முதலில் சந்தேகப்பட்டது நிக்கோட்டினை.

நோயாளிகளைப் புகைபிடிக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது, அது அறமாகாது. அதனால் கார்டிஃப் மருத்துவர்கள் வேறு வழி கண்டார்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைப் பயன்படுத்தினார்கள். 1994-இல் வெளியான இந்த ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சி தீவிரமாக இருந்த 72 பேர் பங்கேற்றார்கள். 35 பேருக்கு நிக்கோட்டின் பட்டை. 37 பேருக்கு அதே தோற்றமுள்ள போலிப் பட்டை. தங்களுக்குக் கிடைத்தது எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. போலிப் பட்டை எதற்கு? 'மருந்து கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கையாலேயே சிலர் நலமாக உணர்வார்கள். அதைக் கழித்துப் பார்க்கத்தான்.

ஆறு வாரங்களுக்குப் பிறகு, நிக்கோட்டின் பெற்ற 35 பேரில் 17 பேருக்கு அறிகுறிகள் முற்றாகத் தணிந்திருந்தன. போலிப் பட்டை பெற்ற 37 பேரில் 9 பேருக்கு மட்டுமே அப்படி. விழுக்காட்டில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 49-க்கு 24.

புதிர் தீர்ந்துவிட்டது என்று தோன்றுகிறதா? இல்லை. குமட்டல், தலைவலி, தலைச்சுற்றல் போன்ற பக்கவிளைவுகள் பலரைத் தொல்லைப்படுத்தின. 1995-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தணிந்த நோய் திரும்பி வராமல் தடுப்பதில் நிக்கோட்டின் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் வேறுபாடு தெரியவில்லை. நிக்கோட்டின் மட்டும் முழு விடையைத் தரவில்லை. வேறு ஏதோ ஒன்று இருந்தது. அதைத் தேடி ஆய்வாளர்கள் குடலின் குடியிருப்பாளர்களிடம் போனார்கள்.

நமக்குள் ஒரு மாநகரம்

நம் உடலில் ஏறத்தாழ 38 டிரில்லியன் பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 38 என்று எழுதி, அதன் பின்னால் 12 சுழியங்களைப் போடுங்கள். அதுதான் அந்த எண். நம் உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

இவை சும்மா இருப்பதில்லை. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை உடைக்கின்றன. குடல் சுவர் அணுக்களுக்கு உணவாகும் பொருள்களைத் தயாரிக்கின்றன. நம் எதிர்ப்பு அணுக்களுக்கு 'இவர் நண்பர், இவர் எதிரி' என்று கற்றுக்கொடுக்கவும் உதவுகின்றன.

ஒரு மாநகரில் எல்லாரும் எல்லா இடத்திலும் வசிப்பதில்லை. பாக்டீரியாக்களுக்கும் அப்படியே. வாயில் வாழ்பவை வேறு, பெருங்குடலில் வாழ்பவை வேறு. பெருங்குடலில் உயிர்வாயு மிகக் குறைவு. அங்கே வாழப் பழகிய பெரும்பாலான இனங்களுக்கு உயிர்வாயு பட்டாலே ஆகாது. வாயில் வாழ்பவற்றில் பல, உயிர்வாயு உள்ள இடத்திலும் வாழக்கூடியவை.

பெருங்குடல் சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. மூக்கில் வரும் சளியைப் போன்றதுதான், ஆனால் இங்கே அது ஒரு பாதுகாப்பு வேலி. அதன் வெளிப்பகுதியில் பாக்டீரியாக்கள் தங்கலாம். சுவரை ஒட்டிய உட்பகுதி அடர்த்தியானது. அங்கே அவை எளிதில் நுழைய முடியாது. இந்த வேலிக்கு அருகில் யார் குடியேறுகிறார்கள் என்பது மிக முக்கியம். ஏனென்றால், வேலிக்கு மறுபக்கத்தில் எதிர்ப்பு அணுக்கள் காவல் இருக்கின்றன.

குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் இந்த மாநகரமே குலைந்திருக்கிறது. பாக்டீரியா இனங்களின் வகை குறைகிறது. அழற்சியைத் தணிக்க உதவும் சில நல்ல இனங்கள், குறிப்பாகக் குரோன் நோயாளிகளிடம், அருகிப்போகின்றன.

புகை குடலுக்குள் எப்படிப் போகிறது?

புகையை உள்ளிழுத்தால் நுரையீரலுக்குத்தானே போகும் என்று கேட்கலாம். அது பாதிக் கதைதான். நுரையீரலில் கரையும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கின்றன; குடலுக்கும் செல்கின்றன. இன்னொரு பாதை உமிழ்நீர். நாம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீரை விழுங்குகிறோம். வாயில் படிந்த புகைப் பொருள்களும் அதனுடன் சேர்ந்து உள்ளே போகின்றன.

இதற்குச் சான்றும் உண்டு. புகைபிடிப்பவர்களின் குடலில் நிக்கோட்டின் சேர்கிறது என்று 2022-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நிக்கோட்டினைச் சிதைக்கக்கூடிய ஒரு குடல் பாக்டீரியாவையும் அவர்கள் கண்டறிந்தார்கள்.

புகையை விட்டால் குடல் மாறுமா? 2013-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. உடல்நலமுள்ள 20 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 10 பேர் புகைபிடிப்பதை நிறுத்தினார்கள். 5 பேர் தொடர்ந்து புகைத்தார்கள். 5 பேர் புகைப்பழக்கமே இல்லாதவர்கள். ஒன்பது வாரங்களில், நிறுத்தியவர்களின் குடல் பாக்டீரியாக்களின் கலவை தெளிவாக மாறியது. இனங்களின் வகையும் கூடியது. மற்ற இரு குழுவினரிடமும் அத்தகைய மாற்றம் இல்லை. ஆகவே, புகை குடல் மாநகரத்தின் குடியிருப்பை மாற்றுகிறது என்பது தெரிந்தது. ஆனால் அந்த மாற்றம் ஒரு நோயைத் தணித்து மற்றொன்றைத் தூண்டுவது எப்படி?

வாயிலிருந்து வந்த குடியேறிகள்

ஜப்பானின் யோக்கோஹாமாவில் உள்ள ரிக்கேன் ஆய்வு மையத்தில் ஹிரோஷி ஓனோ என்பவரின் தலைமையிலான குழு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. அவர்களின் ஆய்வு 'கட்' என்ற மருத்துவ இதழில் 2025-இல் வெளிவந்தது.

பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களில் புகைபிடிப்பவர்களையும் புகையை விட்டவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மலத்தை மட்டும் சோதிக்காமல், குடலின் சளிப்படலத்தையும் ஆராய்ந்தார்கள். அங்கேதான் துப்பு கிடைத்தது. புகைபிடிப்பவர்களின் சளிப்படலத்தில், வழக்கமாக வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறி வளர்ந்திருந்தன. புகையை விட்டவர்களிடம் அப்படி இல்லை.

வாய்ப் பாக்டீரியாக்கள் குடலுக்குப் போவது புதிதல்ல. உமிழ்நீரை விழுங்கும்போதெல்லாம் கோடிக்கணக்கில் அவை வயிற்றுக்குள் போகின்றன. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலும் அவை அங்கே தங்குவதில்லை. வழிப்போக்கர்களாகக் கடந்து போய்விடுகின்றன. புகைபிடிப்பவர்களிடம் மட்டும் அவை ஏன் தங்கின?

குடலில் இருந்த இரசாயனப் பொருள்களை ஆராய்ந்தபோது விடை தெரிந்தது. புகைபிடிப்பவர்களின் குடலில் ஹைட்ரோகுயினோன் போன்ற சில பொருள்கள் கூடுதலாக இருந்தன. இந்தப் பொருள்தான் சளிப்படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளரத் துணைபுரிந்தது. சுருங்கச் சொன்னால், புகை அந்த வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட்டு வீடும் கொடுத்துவிட்டது!

ஹைட்ரோகுயினோன் என்ற பெயரை வேறோர் இடத்தில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தோலை வெளுப்பாக்கும் என்று சொல்லி விற்கப்படும் சில முகக்களிம்புகளில் இது சட்டவிரோதமாகக் கலக்கப்படுவதாக மலேசிய, சிங்கப்பூர்ச் சுகாதாரத் துறையினர் அடிக்கடி எச்சரிப்பார்கள். அதே பொருள்தான்.

தராசின் இரண்டு தட்டுகள்

இனிப் புதிரின் கடைசி முடிச்சு. இந்தக் குடியேறிகள் ஒரு நோய்க்கு நல்லவர்களாகவும் மற்றொன்றுக்குக் கெட்டவர்களாகவும் எப்படி ஆனார்கள்?

நம் எதிர்ப்பு அணுக்களில் 'டி உதவி அணுக்கள்' என்ற பிரிவு உண்டு. இவை நேரடியாகச் சண்டையிடுவதைவிட, யார் எப்படிச் சண்டையிட வேண்டும் என்று கட்டளை இடுபவை. இவற்றில் பல வகைகள் உள்ளன. இங்கே இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதல் வகை, அணுக்களுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கும் போரை நடத்தும். இரண்டாம் வகை, குடற்புழுக்களை எதிர்க்கும் போரை நடத்தும். ஒவ்வாமையிலும் இதற்குப் பங்கு உண்டு. இந்த இரண்டும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. ஒன்று ஏறினால் மற்றொன்றை இறக்கிவிடும்.

குரோன் நோயில் முதல் வகையின் கை ஓங்கியிருக்கிறது. பெருங்குடல் புண் அழற்சியில் இரண்டாம் வகையின் கை ஓங்கியிருக்கிறது.

ஜப்பானியக் குழு, நோயாளிகளின் உமிழ்நீரிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிடிஸ் என்ற இனம் எலிகளின் பெருங்குடலில் முதல் வகை உதவி அணுக்களைப் பெருக்கியது.

இப்போது நீங்களே விடையைச் சொல்லிவிடலாம். குரோன் நோயில் முதல் தட்டு ஏற்கெனவே ஏறி நிற்கிறது. புகையால் குடியேறிய பாக்டீரியா அதை மேலும் ஏற்றுகிறது, நோய் மோசமாகிறது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல. பெருங்குடல் புண் அழற்சியில் ஏறி நிற்பது இரண்டாம் தட்டு. முதல் தட்டு ஏறும்போது இரண்டாவது கொஞ்சம் இறங்குகிறது. நோய் சற்றுத் தணிகிறது.

கவனியுங்கள், புகை யாரையும் குணப்படுத்தவில்லை. இருக்கக் கூடாத இடத்தில் பாக்டீரியாக்களைக் குடியேற்றி, ஓர் அழற்சிக்குப் பதிலாக இன்னோர் அழற்சியைத் தூண்டிவிடுகிறது. அது ஒரு நோயில் தற்செயலாக எதிர்த்தட்டில் விழுகிறது. அவ்வளவுதான்.

'சிகரெட்டும் ஒரு மருந்து' என்று யாராவது சொன்னால்?

ஒட்டுக்கடைப் பேச்சிலோ கைப்பேசியில் சுற்றும் செய்தியிலோ 'புகைபிடித்தால் குடல் நோய் வராது, மருத்துவர்களே சொல்கிறார்கள்' என்று யாராவது சொல்லக்கூடும். பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது. அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் நான்கு பதில்கள் உள்ளன.

ஒன்று, தணிவே உறுதியானதல்ல. 2019-இல் பிரிட்டனில் பெருங்குடல் புண் அழற்சி உள்ள 6,000-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோய் தீவிரமடைவது, மருத்துவமனையில் சேர்க்கப்படுவது, அறுவை சிகிச்சையில் பெருங்குடலை அகற்ற வேண்டிவருவது ஆகியவற்றில் புகைபிடித்தவர்களுக்கும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோய் வரும் வாய்ப்பு குறைவது வேறு. வந்த நோயைப் புகை கட்டுப்படுத்துவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டு, விலை மிக அதிகம். புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் குறைந்தது 69 உள்ளன. புகைப்பழக்கம் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. நீண்ட காலம் பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அந்தப் புற்றுநோய் அபாயம் ஏற்கெனவே அதிகம். உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் புகையிலை பறிக்கிறது. குடலில் கொஞ்சம் தணிவுக்காக நுரையீரலையும் இதயத்தையும் அடகு வைப்பது என்ன கணக்கு?

மூன்று, தொடக்கத்தில் எந்த வகை நோய் என்று பிரித்தறிவது மருத்துவர்களுக்கே சில வேளைகளில் கடினம். பெருங்குடல் புண் அழற்சி என்று நினைத்தது பின்னர் குரோன் நோய் என்று தெரியவருவதும் உண்டு. 'மருந்து' என்று நினைத்துப் பிடித்த சிகரெட் அப்போது நஞ்சாகிவிடும்.

நான்கு, குரோன் நோயாளிக்குப் புகையை விடுவதே ஒரு சிகிச்சை. 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், புகைபிடிக்கும் 474 குரோன் நோயாளிகளுக்குப் புகையை விட உதவினார்கள். அவர்களில் ஓராண்டுக்கும் மேலாக விட்டிருந்தவர்கள் 59 பேர் மட்டுமே. அந்தப் பழக்கம் எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. ஆனால் விட்ட அந்த 59 பேருக்கு, நோய் மீண்டும் தீவிரமடையும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காத நோயாளிகளின் அளவுக்கே இறங்கியது.

நமக்கு இதில் என்ன அக்கறை?

ஒரு காலத்தில் குடல் அழற்சி நோய் மேலை நாட்டு நோய் என்று கருதப்பட்டது. இன்றும் ஆசியாவில் அது ஆஸ்திரேலியாவைவிட மிகக் குறைவு. ஆனால் நகர வாழ்க்கையும் உணவுப் பழக்கமும் மாற மாற, இங்கும் எண்ணிக்கை கூடி வருகிறது.

பேராக்கில் ஈப்போவை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கில் மலேசிய மருத்துவர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தவரில் இந்நோய் இந்தியர்களிடையே அதிகமாகக் காணப்பட்டது. சிங்கப்பூரிலும் பெருங்குடல் புண் அழற்சி இந்தியர்களிடையே அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பயப்பட வேண்டாம்; மொத்தத்தில் இது இன்னும் அரிதான நோய்தான். ஆனால் நம் வீடுகளில் இதைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது.

மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மூலம் என்றோ உடல் சூடு என்றோ நாமே முடிவுகட்டிக்கொண்டு நாள்களைக் கடத்துவதால் பலருக்கு நோய் முற்றிவிடுகிறது.

மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகைப்பொருள்களை விற்பதைத் தடை செய்கிறது. வேப் எனப்படும் மின்சிகரெட்டும் அதில் அடங்கும். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கான வயது வரம்பு 21. மின்சிகரெட்டுக்கு முழுத் தடை. வீட்டில் யாருக்காவது புகைப்பழக்கம் இருந்தால் திட்டுவதைவிட உதவுவது பயன் தரும். மலேசிய அரசாங்கச் சுகாதார நிலையங்களில் 'எம்குயிட்' சேவையும், சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குயிட்' திட்டமும் அதற்காகவே உள்ளன. குடும்பத்தில் பெருங்குடல் புண் அழற்சி உள்ள ஒருவர் புகையை விட முடிவெடுத்தால், தம் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விட்ட பின் நோய் சற்றுத் தலைதூக்கினால் மருந்தைச் சரிசெய்ய அது உதவும்.

புகை இல்லாமலே அந்தப் பயன்

ஒரு பொருள் ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அதிலுள்ள நஞ்சை விலக்கி, பயனை மட்டும் எடுக்க வழி பிறக்கும். ரிக்கேன் குழுவினர் இப்போது அந்தத் திசையைத்தான் காட்டுகிறார்கள். புகையைத் தொடாமல், தேவையான பாக்டீரியாவை மட்டும் குடலுக்குள் அனுப்பவோ, அது வளரத் தேவையான பொருளை மட்டும் கொடுக்கவோ முடிந்தால், பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களுக்கு அது புதிய சிகிச்சையாகலாம். எலிகளில் கண்டதை மனிதர்களிடம் பாதுகாப்பாகச் சோதித்துப் பார்க்கும் நீண்ட வேலை இனிமேல்தான் இருக்கிறது. குரோன் நோயாளிகளுக்கோ அதே பாக்டீரியாவைக் குடியேற விடாமல் தடுக்க வழி தேட வேண்டும்.

1982-இல் கார்டிஃப் மருத்துவர்கள் 8 என்ற அந்த விந்தையான எண்ணைக் கண்டு, 'ஏதோ தவறு' என்று ஒதுக்கிவிடவில்லை. 'சரி, எல்லாரும் புகைக்கலாம்' என்று அவசரப்படவும் இல்லை. ஏன் என்று கேட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டவர் அந்தக் கேள்வியைக் கைமாற்றிக் கைமாற்றி எடுத்துச் சென்றார்கள். அடுத்த கேள்வியைக் கேட்கப் போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கார்டிஃப் ஆய்வில் எலும்பு முறிவு நோயாளிகளிடமும் ஏன் கேள்வி கேட்டார்கள்? அவர்கள் இல்லாவிட்டால் 8 என்ற எண்ணுக்குப் பொருள் இருந்திருக்குமா?

2. நிக்கோட்டின் பட்டை ஆய்வில் போலிப் பட்டை பெற்ற 9 பேருக்கும் நோய் தணிந்தது. அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

3. ஜப்பானிய ஆய்வாளர்கள் மலத்தை மட்டும் சோதித்திருந்தால் எதைத் தவறவிட்டிருக்கக்கூடும்?

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியருடனும் நண்பர்களுடனும் கலந்து பேசுங்கள்.